நற்றிணை 40: ஈன்றவளின் உறக்கமும் முன்னேற்பாடும்

பிள்ளை பெற்றவளைச் சங்க இலக்கியம் தீட்டுக்கும் அணங்குக்கும் உரியவளாகவே காட்டுகிறது என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் கருத்து. அவளைச் சூழ்ந்த காவல் அவளிடமிருந்து பிறரைக் காக்கவே என்றும், வெண்கடுகும் மணியும் அதற்கான கருவிகள் என்றும் இக்கருத்தினர் விளக்குவர். அவர்கள் முதற்சான்றாக வைப்பது கோண்மா நெடுங்கோட்டனாரின் நற்றிணை 40. அதே பாடலைக் கொண்டே அந்த விளக்கத்தை மறுக்கலாம் என்று கருதுகிறேன். அப்பாடலில் நான் காண்பது ஒதுக்கிவைக்கப்பட்ட பெண்ணை அன்று. ஒருத்தியின் உடல் தேறுவதற்கென்று பேற்றுக்கு முன்பே ஆயத்தம் செய்துகொண்ட ஒரு வீட்டை.

காட்சி வெளியிலிருந்து உள்ளே நகர்கிறது. காவலுடைய மனையில் மணி ஒலிக்கிறது. பந்தலின் கீழ் மணல் பரப்பியிருக்கிறார்கள். பெரும்பாணர் காவல் நிற்கின்றனர். ஒருபுறம் மகளிர் நற்சொல் கேட்கக் காத்திருக்கின்றனர். உள்ளே, மணமூட்டிய துணி விரித்த மெத்தென்ற படுக்கையில் மகன் செவிலியோடு உறங்குகிறான். தாய்க்கு வெண்கடுகு அப்பி நெய்யாட்டியிருக்கிறார்கள். நெய்யில் ஊறி இளகிய உடலோடு அவள் கண்மூடிக் கிடக்கிறாள். அந்த நள்ளிரவில் தலைவன் கள்வனைப்போல் வந்து சேர்கிறான்.

இதில் இரண்டு நுட்பங்கள் போதிய கவனம் பெறவில்லை. ஈன்றணிமையின் வாடையைப் புலவர் தாய்மேல் ஏற்றவில்லை, செவிலிமேல் ஏற்றுகிறார். தீட்டுதான் பாடலின் மையம் என்றால் அந்த வாடை தாயிடம் அல்லவா இருந்திருக்க வேண்டும்? அவளோ நீராட்டப்பட்டு நெய்ப்பசையோடு இருக்கிறாள். குழந்தையை ஏந்துபவளிடம்தான் வாடை ஒட்டியிருக்கிறது. அடுத்தது, குழந்தை தாயின் அணைப்பில் இல்லை. இராப்பொழுதில் அதைப் பார்த்துக்கொள்ள வேறொருத்தி இருப்பதால்தான் ஈன்றவளுக்குக் கண்ணயர முடிகிறது. பச்சை உடம்புக்காரிக்குத் தூக்கம் எவ்வளவு அரிது என்பதைப் பிரசவம் பார்த்த எந்த வீட்டிலும் சொல்வார்கள். பாடலை விளக்கியவர்களுக்கு அது பொருட்டாகப் படாமல் போனதுதான் வியப்பு.

சொல்பவள் யார் என்பதும் கருதத்தக்கது. துறைக்குறிப்பு இதைப் பரத்தை கூற்றாக, தலைவியின் பக்கத்தார் காதில் விழச் சொன்னதாகத் தருகிறது. தலைவியின் சுகத்தைப் புகழ்ந்து பேசப் பரத்தைக்கு எந்தத் தேவையும் இல்லை. மனக்கசப்போடு பேசுபவள்கூட மறைக்க முடியாத அளவுக்கு அந்த ஏற்பாடுகள் ஊரறிந்தவையாக இருந்தன என்றே கொள்ளத் தோன்றுகிறது. துறைக்குறிப்புகள் பிற்காலத்தவை என்பதால் இதை முதன்மைச் சான்றாக்கவில்லை.

இனி முன்னேற்பாடு. பாடல் சூல்காலத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நான் சொல்வது ஊகமே. ஆனால் இடுப்புவலி கண்ட பிறகு பந்தல் போட்டு, மணல் சுமந்து கொட்டி, உடல் முழுதும் ஆட்டுமளவு நெய் சேர்த்து, செவிலியைத் தேடிக்கொண்டு வர எந்த வீட்டாலும் ஆகாது. இவற்றில் நெய்யை மட்டும் எடுத்துக்கொண்டாலும் போதும். பாலைத் தோய்த்து, கடைந்து, வெண்ணெய் திரட்டி, உருக்கி, நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்த்தால்தான் அவ்வளவு நெய் தேறும். அந்த நாட்கள் சூல்காலத்தில்தான் விழுந்திருக்க வேண்டும்.

மணியொலியில் யார் தூங்குவார் என்று கேட்கலாம். அச்சம் அந்த வீட்டில் இல்லை என்று நான் சொல்லவில்லை. எல்லாவற்றையும் அச்சத்தின் கணக்கில் எழுதக்கூடாது என்கிறேன். செல்வர் மனையின் காட்சி இது, பொதுவழக்கன்று என்பது உண்மை; அதனால் வாதம் எவ்வகையிலும் குன்றாது. உறையூர்க் கதுவாய்ச் சாத்தனாரின் நற்றிணை 370-இலும் நெய்யும் வெண்கடுகும் சூழக் கிடக்கும் ஈன்றவள் வருகிறாள். அங்கே தலைவன் அருகில் சென்று கேலி பேசுகிறான், அவள் முறுவலிக்கிறாள். அணங்கேறியவளிடம் இப்படி யாரும் விளையாடுவதில்லை.

எளிதில் தள்ள முடியாத தடை ஒன்று உண்டு. இத்தனையும் எதனால் என்பதற்குப் பாடலின் இறுதி விடை தருகிறது: மேன்மை பொருந்திய முன்னோனின் பெயரைத் தாங்குபவன் பிறந்துவிட்டான். ஆக, அவள் உறக்கம் மகனின் கணக்கில் கிடைத்தது. பெண் பிறந்திருந்தால் பாணர் காவல் நின்றிருப்பார்களா? பாடலிலிருந்து விடை பெற வழியில்லை. என் முடிவை இந்த அளவில் நான் குறுக்கிக்கொள்ளவே வேண்டும்: ஏற்பாடு தாயின் உடலுக்கானது, அதற்கான நியாயம் குழந்தையுடையது.

இந்தப் பிரிவினை இன்றைய வழக்கைப் படிக்கவும் உதவும். பழமையின் தொடர்ச்சி என்று இதைச் சொல்ல மாட்டேன். அவ்வகைத் தாவல்களில் எனக்கு நம்பிக்கையில்லை. பிரசவ லேகியத்தைப் பாருங்கள். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை என நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சரக்கை வறுத்து இடித்துச் சலித்து, கருப்பட்டிப் பாகில் கொட்டி, நல்லெண்ணெயும் நெய்யும் விட்டுச் சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை கிளற வேண்டும். வைத்திருந்தாலும் கெடாது என்பதால் ஒன்பதாம் மாதமே கிண்டி வைத்துவிடுகிறார்கள். இனக்குழு வழக்காறு எழுதியவர்கள் வளைகாப்பின் வளையல்களுக்குப் பக்கம் பக்கமாக ஒதுக்கினார்கள். அதே வாரத்தில் அடுப்படியில் நடந்த இந்த வேலை பெரும்பாலும் உணவுப் பட்டியலோடு நின்றுபோனது.

அரசுத் திட்டங்களிலும் நியாயம் குழந்தை பக்கமே சாய்கிறது. 2015-இல் தமிழக அரசு மருத்துவமனைகளில் தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தின் 16 பொருள்களில் பெரும்பாலானவை பிள்ளைக்கானவை. தாய்க்கெனச் சௌபாக்கிய சுண்டி லேகியம் இருந்தது. அதுவும் பேற்றுக்குப் பின்பே கைக்கு வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 2018-இல் 18,000 ரூபாயாக உயர்ந்தபோது கர்ப்பகாலத்திலேயே ஊட்டச்சத்துப் பெட்டகம் தருவது சேர்ந்தது. அது நல்ல மாற்றம். ஆனால் அப்போது வகுத்த கடைசி இரண்டு தவணைகளும் குழந்தையின் தடுப்பூசிகளோடு இணைக்கப்பட்டன. தாயின் உடல் தேறியதா என்று பார்த்து வழங்கும் தவணை அதில் இல்லை.