இரண்டரை சென்டிமீட்டர்

இடுப்பு முறிந்து வந்தவரின் எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டியதும், மருத்துவரின் அளவுகோல் முதலில் போகும் இடம் ஒன்று உண்டு: இடுப்பு வளையத்தின் இரு பாதிகளும் முன்பக்கம் சேரும் மூட்டு. அங்கே இடைவெளி 2.5 செ.மீ.க்கு மேலா, கீழா?

இந்தக் கேள்வி பிறக்கும் முன்பே முறிவைப் பற்றிய அறிவு இருந்தது. வளையம் முன்னும் பின்னுமாக இரண்டு இடங்களில் உடைவதை பாரிஸ் அறுவை மருத்துவர் மால்கென் 1847-இல் தன் நூலில் விவரித்தார். ரோன்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டறிந்தது 1895-இல். மால்கென் இறந்து அப்போது முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

எக்ஸ்ரே வந்தும் ஒரு சிக்கல் தீரவில்லை. கிண்ணம் போன்ற எலும்பை நேர்முகப் படம் தட்டையாக்கிவிடும். டொராண்டோவின் அறுவை மருத்துவர் ஜார்ஜ் பென்னல், எக்ஸ்ரே குழாயை ஏறத்தாழ 40 டிகிரி சாய்த்து, தலைப்பக்கமிருந்து ஒன்று, கால்பக்கமிருந்து ஒன்று என இரு படங்கள் எடுத்தார். பாதி வளையம் பின்னே தள்ளியதா, மேலே ஏறியதா என்பது பிடிபட்டது. அவரும் மார்வின் டைலும் சகாக்களும் 1980-இல் வெளியிட்ட கட்டுரை, முறிவுகளை வகைப்படுத்த அடித்தளமானது.

2.5 செ.மீ. என்ற எல்லை சடலங்களிலிருந்து வந்தது. முன்மூட்டை மட்டும் வெட்டினால் விரிவு அதைத் தாண்டவில்லை; தாண்ட வேண்டுமானால் பின்புற மூட்டின் முன்பக்கத் தசைநார்களும் அறுபட வேண்டும். வளையம் நிலையாக நிற்குமா என்ற தீர்ப்பு அந்த எண்ணில் தொங்கியது.

ஆனால் பிலிம் அளவைப் பெருக்கிக் காட்டும். குழாய் 100 செ.மீ. உயரத்தில், மூட்டு பிலிமிலிருந்து 16 செ.மீ. மேலே இருந்தால், 2.1 செ.மீ. இடைவெளி 2.5 ஆகத் தெரியும். ஆள் பருமனாக இருந்தால் இன்னும் கூடும். இடுப்பு சற்றுத் திரும்பினாலும் கணக்கு மாறும். ஒரே படத்தை இருவர் அளந்தாலும் விடை ஒத்துப்போவதில்லை.

1970-களில் பரவிய சி.டி. ஸ்கேன், கண்ணுக்குத் தப்பிய பின்புற முறிவுகளைக் காட்டியது. அதுவும் எலும்பு ஓய்ந்து கிடக்கும் நிலையைத்தான் படம்பிடித்தது. மோதிய நொடியில் அகல விரிந்த வளையம் மீண்டும் சுருங்கியிருக்கலாம். ரத்தக்கசிவைக் குறைக்க ஆம்புலன்சிலேயே இறுக்கிக் கட்டிய இடுப்புப் பட்டை, பிளவைச் சேர்த்துப் பிடித்துப் படத்தில் மறைத்துவிடுவதும் உண்டு.

அதனால் சந்தேகமான நோயாளியை இன்று அறுவை அரங்குக்குக் கொண்டுபோகிறார்கள். மயக்க மருந்து தந்து, இரு கைகளாலும் இடுப்பை அழுத்தியும் விரித்தும், எக்ஸ்ரே திரையில் எலும்பு அசைகிறதா என்று அந்த நொடியிலேயே பார்க்கிறார்கள்.