வாசலில் நின்றுபோன கருவி

சி மொழியில் எழுதிய நிரலுக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு. தப்பு செய்த இடத்தில் அது விழாது. திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தில் காலையில் எழுதும். சாயங்காலம் சம்பந்தமே இல்லாத வேறொரு வரியில் சுருண்டு விழும். 1990களின் தொடக்கத்தில் இந்தத் திருட்டைக் கையும் களவுமாகப் பிடிக்க 'ப்யூரிஃபை' என்ற கருவி வந்தது. அதைச் செய்த ரீட் ஹேஸ்டிங்ஸ்தான் பின்னாளில் நெட்ஃபிளிக்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஆனால் ப்யூரிஃபை காசு கொடுத்து வாங்க வேண்டிய சரக்கு. லினக்ஸில் ராத்திரி கண்விழித்து நிரல் எழுதியவர்களுக்கு அது எட்டாக்கனி. அவர்களில் ஒருவர் தானே செய்துவிடுவது என்று உட்கார்ந்தார்.

ஜூலியன் சீவர்ட். பீஜிப்2 என்ற கோப்புச் சுருக்கியை எழுதி இலவசமாகக் கொடுத்தவர். அவர் எடுத்த வழி அசாத்தியத் துணிச்சல். நிரலை நேராகச் சில்லின் கையில் கொடுக்காமல், மென்பொருளிலேயே செய்த மாயச் சில்லில் ஓட்டினார். கட்டளைகளைப் பிரித்து, நடுவே சோதனைகளைச் செருகி, மறுபடி கோத்தார். நினைவகத்தின் ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு நிழல் பிட்; உள்ளே இருப்பது உருப்படியான மதிப்பா, யாரும் எழுதாத குப்பையா என்று நிழல் சொல்லிவிடும். ஓட்டம் இருபது முப்பது மடங்கு மந்தமானது. ஆனாலும் பிழை பிறந்த வரியிலேயே பிடிபட்டது. சிக்கல் பெயர் வைப்பதில் வந்தது.

புல் வளரும் ஓசையையும் கேட்கக்கூடியவன் நார்ஸ் புராணத்துக் காவலன் ஹெய்ம்டால். அந்தப் பெயரைத்தான் சீவர்ட் வைத்திருந்தார். அதே பெயரில் ஏற்கெனவே ஒரு பாதுகாப்பு மென்பொருள் இருந்தது. காவலனை விட்டு அவர் வாசலைப் பிடித்தார். தகுதியுள்ளவரை மட்டுமே வீரசொர்க்கத்துக்குள் விடும் தலைவாசல்: வால்கிரிண்ட். 2002 ஜூலையில் 1.0 வெளியானது. கேடிஇ மேசைத்தளத்தை எழுதியவர்கள் ஆசையாக எடுத்துக்கொண்டார்கள். அப்போது அதற்குத் தெரிந்தது இன்டெல் வகைச் சில்லின் பாஷை மட்டும்.

2010 அக்டோபரில் வந்த 3.6 பதிப்பு, ஏஆர்எம் என்ற வேறொரு வகைச் சில்லின் பாஷையும் கற்றது. பொறியாளர்கள் கருவியை மேசைக்கணினியிலேயே ஏஆர்எம்முக்காகத் தொகுத்து (கிராஸ் கம்பைல்), அந்தச் சில்லு பொருத்திய குட்டிப் பலகைகளுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பிழை பிடிக்க வந்த கருவியே விழுந்தது. பழைய ஏஆர்எம் சில்லில் காரணம் எளிது: கருவி ஏஆர்எம்வி7 கட்டளைகளால் ஆனது, சில்லுக்கு அவை புரியவில்லை. புதிய சில்லிலோ வேறு கூத்து. 'தொடக்கத்திலேயே அபாயப் பிழை' என்று அறிவித்துவிட்டு நின்றது. ஸ்டிர்லென்னைக் காணோம் என்றது.

எழுத்துச்சரத்தின் நீளத்தை அளக்கும் அற்பச் செயற்கூறு ஸ்டிர்லென். வேகத்துக்காக அது நான்கு பைட்டுகளாக அள்ளும். சரத்தின் முடிவைக் கொஞ்சம் தாண்டியும் படித்துவிடும். தீங்கில்லாத தாண்டல்தான், ஆனால் வால்கிரிண்டின் கண்ணுக்கு அதுவும் குற்றம். அதனால் அதை நீக்கிவிட்டுத் தன் சொந்த ஸ்டிர்லென்னை வைக்கும். வைக்க வேண்டுமானால் முதலில் பழையதைப் பெயர் சொல்லிக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பழையது இருப்பது நிரல்களை ஏற்றிவிடும் லோடர் கோப்பில். பலகையில் இடம் மிச்சம் பிடிக்க, அந்தக் கோப்பிலிருந்து பெயர்ப் பட்டியலை யாரோ 'ஸ்ட்ரிப்' செய்து வீசியிருந்தார்கள். பொய்ப் புகார்களைக் கொட்டிக்கொண்டு ஓடுவதைவிட ஓடாமல் நிற்பதே மேல் என்று முடிவு செய்த அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது.

பெயர்கள் உள்ள அசல் லோடர் கோப்பைப் பலகையில் திரும்ப வைத்ததும் வாசல் திறந்தது.