வைகுண்ட ஏகாதசியும் காசோலைச் சட்டமும்

சின்ன வயதில் எங்கள் வீட்டில் வைகுண்ட ஏகாதசி என்றால் இரண்டு விஷயம் நிச்சயம். எனக்கும் தங்கைக்கும் பள்ளி லீவு. அப்பாவுக்கு ஆபீஸ் உண்டு. திருச்சி மாவட்டம் முழுக்க உள்ளூர் விடுமுறை, எடமலைப்பட்டி புதூரிலிருந்து அக்கம்பக்கத்துக்காரர்கள் எல்லாம் ஸ்ரீரங்கம் போய்க்கொண்டிருப்பார்கள், அப்பா மட்டும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்புவார். அவர் ஒரு சார்நிலைக் கருவூலத்தில் வேலை பார்த்தார். "உனக்கு மட்டும் ஏம்ப்பா லீவு இல்ல?" என்று கேட்டால், "கருவூலத்துக்குக் கிடையாதுடா, அது நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆக்ட்ல வராது" என்பார். அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமலேயே பள்ளிக்கூடத்தை முடித்தேன்.

அர்த்தம் தெரிந்தது நாற்பது வயதுக்கு மேல், ஒரு தப்பு செய்த பிறகு.

2023 ஜனவரி 2, திங்கட்கிழமை, ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி. ஒரு நிதி நிறுவனத்துக்கான தவணை வசூல் மென்பொருளை அப்போது நான் பராமரித்துக்கொண்டிருந்தேன். விடுமுறை அட்டவணையில் அந்தத் தேதியை நானேதான் வங்கி விடுமுறை என்று ஏற்றியிருந்தேன். ஊரே லீவு, வங்கி மட்டும் எப்படித் திறந்திருக்கும் என்ற நினைப்பு. வங்கி திறந்துதான் இருந்தது. அன்றைக்குப் போகவேண்டிய தவணைக் கோப்பு ஒரு நாள் தள்ளிப் போனது, தேதிக்குள் பணம் வைத்திருந்தவர்கள் பெயரிலும் தாமதக் கட்டணம் ஏறிவிட்டது. இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையால் நீக்கினேன். வீட்டில் சொன்னபோது அப்பா சிரித்துவிட்டார். "நான்தான் உனக்கு ஆறாங்கிளாஸ்லயே சொன்னேனே!"

அதன் பிறகுதான் சட்டத்தை எடுத்துப் படித்தேன்.

அது 1881-ஆம் ஆண்டின் 26-ஆவது சட்டம். தமிழில் செலாவணி முறிச் சட்டம் என்பார்கள். காசோலை, கடனுறுதிச் சீட்டு, மாற்றுச் சீட்டு ஆகியவற்றைப் பற்றியது. செக் பவுன்ஸ் வழக்குக்கான 138-ஆவது பிரிவும் இதில்தான் வருகிறது, அது நூறு வருஷம் கழித்துச் சேர்த்தது. இதில் விடுமுறைக்கு என்ன வேலை? ஒரு சீட்டுக்குப் பணம் கொடுக்கவேண்டிய நாள் பொது விடுமுறையில் விழுந்தால் என்ன செய்வது என்று 25-ஆவது பிரிவு சொல்கிறது. அதற்கு முந்தைய வேலை நாளிலேயே கொடுத்துவிட வேண்டும். அடுத்த நாள் கொடுக்கலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படியானால் 'பொது விடுமுறை' எது என்று சொல்லியாக வேண்டும் இல்லையா? அதற்காக அந்தப் பிரிவின் அடியில் ஒரு விளக்கம் சேர்த்தார்கள். அரசு அறிவிக்கும் பொது விடுமுறைகள் அந்த ஒரு விளக்கத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

முதலில் அந்த விளக்கத்தில் பெயர் சொல்லி இருந்தவை ஞாயிறு, ஆங்கிலப் புத்தாண்டு, கிறிஸ்துமஸ், புனித வெள்ளி. பொங்கலும் தீபாவளியும் "அரசு அறிவிக்கும் மற்ற நாட்கள்" என்ற வாலில்தான் வரமுடியும். 1955-ல் ஒரு திருத்தத்தில் மற்ற பெயர்களை நீக்கி ஞாயிற்றை மட்டும் விட்டார்கள். அறிவிக்கும் அதிகாரம் மத்திய அரசுடையது. 1957 ஜூன் 8-ஆம் தேதி உள்துறை அமைச்சகத்தின் அறிவிக்கையின் மூலம் அது மாநிலங்களுக்குத் தரப்பட்டது. இன்றும் தமிழக அரசின் வருடாந்தர விடுமுறை ஆணையில் அந்தத் தேதி மேற்கோளாக வருகிறது. அதே பட்டியலில் ஏப்ரல் 1-ஐப் பாருங்கள், ஆண்டுக் கணக்கு முடிப்பு, வங்கிகளுக்கு மட்டும் விடுமுறை. எங்கள் வீட்டுக் கதைக்கு நேர் எதிர்.

விடுமுறையை வங்கியோடு முடிச்சுப் போடும் பழக்கம் இங்கிலாந்திலும் உண்டு. அங்கே 1871-ல் வங்கி விடுமுறைச் சட்டம் கொண்டுவந்தவர் ஜான் லப்பாக். தொழில் வங்கி, நாடாளுமன்ற உறுப்பினர் வேறு, மிச்ச நேரத்தில் எறும்புகளைப் பற்றி ஆராய்ச்சி. (என் போன்ற ஞாயிற்றுக்கிழமை ஆராய்ச்சியாளர்களுக்கு முன்னோடி!) ஜனங்கள் சந்தோஷத்தில் அந்த நாளுக்கு 'செயின்ட் லப்பாக் டே' என்றே பெயர் வைத்தார்கள்.

மாவட்ட ஆட்சியர் அறிவிக்கும் உள்ளூர் விடுமுறை இந்தச் சட்டத்தின் கீழ் வராது. நாகூர் கந்தூரி, கோட்டாறு சவேரியார் திருவிழா, தஞ்சாவூர் சதய விழா எல்லாம் இந்த வகைதான். அறிவிப்பில் எப்போதும் மூன்று விஷயம் இருக்கும்: இன்ன நாள் லீவு, ஈடாக இன்ன சனிக்கிழமை வேலை நாள், கருவூலமும் சார்நிலைக் கருவூலங்களும் குறைந்த பணியாளர்களோடு இயங்கும். வங்கி திறந்திருக்கும்போது அரசாங்கத்தின் பணப்பெட்டி மூடியிருக்கக் கூடாது. அந்தக் 'குறைந்த பணியாளர்' என்பது எங்கள் அப்பா.

வருஷா வருஷம் அவரே ஏன்? கேட்டேன். "மொதல் வருஷம் எல்லாரும் கோயிலுக்குப் போகணும்னாங்க. நான் இருந்துக்கறேன்னேன். அப்புறம் யாரும் என்னைக் கேக்கவே இல்ல." பரமபத வாசல் திறக்கும் விடியற்காலைக் கூட்டத்தில் மாட்டினால் பத்து மணிக்குள் சீட்டில் உட்கார முடியாது. அதனால் சர்வீஸ் முடியும்வரை அவர் போகவே இல்லை.

என் அட்டவணை அதே 2023-ல் இன்னொரு தடவை மண்ணைக் கவ்வியது. ஓர் ஆண்டுக்கு ஒரு பண்டிகை ஒரு முறைதான் வரும் என்று கட்டுப்பாடு வைத்திருந்தேன். டிசம்பர் 23-ஆம் தேதி மறுபடி வைகுண்ட ஏகாதசி! பதிவு ஏறவில்லை. அதற்கு முந்தைய வைகுண்ட ஏகாதசி 2021 டிசம்பர் 14, எனவே ஸ்ரீரங்கத்தில் 2022-ல் ஒன்றுகூட இல்லை. 2024-லும் இல்லை, 2025-ல் ஜனவரி 10, டிசம்பர் 30 என்று இரண்டு. இடைவெளியைக் கழித்துப் பார்த்தால் 384 நாள், 355 நாள், 384 நாள், 354 நாள். அதாவது பதின்மூன்று சந்திர மாதம் அல்லது பன்னிரண்டு. 2021-ல் மற்ற பல கோயில்கள் மார்கழிக்குக் காத்திருந்து 2022 ஜனவரி 13-ல் கொண்டாடின. ஸ்ரீரங்கத்தில் தைத் தேரோடு மோதும் என்பதால் கார்த்திகையிலேயே முடித்துவிட்டார்கள். பத்தொன்பது வருஷத்துக்கு ஒருமுறை இப்படி வருமாம். 19 சூரிய ஆண்டும் 235 சந்திர மாதமும் சுமார் இரண்டு மணி நேர வித்தியாசத்தில் ஒன்றாக முடிகின்றன, கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

நிலவை நம்பி நாட்காட்டி நடத்துவது கோயிலுக்குச் சரி, கணக்குப் புத்தகத்துக்குக் கஷ்டம். இலங்கையில் 1966-ல் ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டுப் போயா நாட்களை வார விடுமுறை ஆக்கினார்கள். நிலவின் கால் பங்கு எப்போதும் ஏழு நாளாக இருக்காது, அதனால் வாரமும் நீண்டு சுருங்கியது. 1971-ல் ஞாயிறே திரும்ப வந்தது. பௌர்ணமிப் போயா மட்டும் விடுமுறையாக நிற்கிறது.

போன டிசம்பர் 30, செவ்வாய்க்கிழமை. விடியற்காலைக் கூட்டம் வேண்டாம் என்று மத்தியானமாக அப்பாவை அழைத்துக்கொண்டு போனேன். சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டில் 1-ஆம் நம்பர் பஸ் பிடித்தோம். வழியில் ஒரு வங்கி வாசலைப் பார்த்ததும் அப்பா என் தோளைத் தட்டினார்.

"பாரு, தொறந்திருக்கு."