உரமும் குரலும்: உரக்கப் பேசுதலைக் குறிக்கும் வினையடைகளின் வரலாறு

பேச்சின் ஒலியளவைக் குறிக்கும் வினையடை வேறு; கருத்தை மறைக்காது கூறுவதைக் குறிக்கும் வினையடை வேறு. இக்காலத் தமிழில் முன்னதற்கு 'உரக்க' என்பதும் பின்னதற்கு 'வெளிப்படையாக' என்பதும் பெருவழக்காக உள்ளன. இவை உருவான முறையையும், தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகிய மூன்றும் அருகருகே வழங்கும் பெங்களூரில் இவ்வகைச் சொற்களை மொழிபெயர்ப்போர் இடறும் இடங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

'உரக்க' என்பது 'உர' என்னும் வினையடியின் செயவெனெச்சம். 'மிக', 'நிரம்ப' என்பன போல இதுவும் வினையடையாக நிலைத்துவிட்டது. இவ்வடியின் முதற்பொருள் வலிமையே. சங்க நூல்களில் வரும் 'உரவோர்' வலிமையுடையோர். திருக்குறளில் வரும் 'உரன்' அறிவின் திண்மை. இவற்றில் குரலுக்கு இடமில்லை. வலிமைப் பொருள் பின்னர்க் குரலின் வலிமையாகச் சுருங்கி, 'உரக்க', 'உரத்த குரல்' என்னும் வழக்குகளைத் தந்தது.

இம்மாற்றம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. கன்னடத்தில் 'கட்டியாகி', தெலுங்கில் 'கட்டிகா' (இரண்டிலும் முதலெழுத்து ஒலிப்புடைய ககரம்) என்பன 'உறுதியாக' என்றும் 'உரக்க' என்றும் பொருள்படும். தமிழிலுள்ள 'கெட்டி' என்னும் சொல்லையும் இவற்றோடு வைத்து எண்ணலாம். முதலில் ஒலிப்புடைய ககரம் கொண்ட பிறமொழிச் சொற்கள் தமிழில் 'கெ' எனத் தொடங்குவது உண்டு. கங்கை 'கெங்கை' ஆனதும், கதி 'கெதி' ஆனதும் சான்றுகள். ஆகவே 'கட்டி' தமிழின் சொந்த வடிவம் என்றும், 'கெட்டி' அண்டை மொழியிலிருந்து திரும்பி வந்த அதன் இணைவடிவம் என்றும் கருத இடமுண்டு. 'கெட்டியாகப் பிடி' என்னும்போது உறுதிப் பொருளே நிற்கிறது. ஆயினும் தாலி கட்டும் வேளையில் முழங்கும் 'கெட்டிமேள'த்தில் ஓசைப்பொருளின் சுவடு தெரிகிறது.

மூன்றாவது சான்று 'ஜோர்'. பாரசீகத்தில் இதற்கு வலிமை என்று பொருள். இந்தியில் 'ஜோர் சே' என்பதும் கன்னடத்தில் 'ஜோராகி' என்பதும் உரத்த பேச்சைக் குறிக்கின்றன. தமிழிலோ 'ஜோராக' என்பது 'சிறப்பாக' எனப் பொருள் மாறிவிட்டது.

1809-இல் பெங்களூரில் ஆங்கிலேயரின் படைத்தளம் அமைந்தபின் அங்குத் தமிழ் பேசுவோர் பெருகினர். இரு மொழியும் நாவில் பழகிய இத்தகைய நகரில், ஒரே வடிவம் இரு பொருளில் நடமாடுவது இயல்பு. 'அவர் கூட்டத்தில் ஜோராகப் பேசினார்' என்பது கன்னட வழியில் முறையீடு. தமிழ் வழியில் பாராட்டு. 'கட்டியாகி ஹேளிதரு' என்பதை 'உறுதியாகச் சொன்னார்' என்று பெயர்ப்பதா, 'உரக்கச் சொன்னார்' என்று பெயர்ப்பதா? புனைகதையில் இப்பிழை ஒரு பாத்திரத்தின் இயல்பைத் திரிக்கும். சாட்சியின் வாக்குமூலத்திலோ, உரத்துப் பேசியதாக மட்டும் கூறப்பட்டவர் உறுதி அளித்தவராகிவிடுவார்.

'வெளிப்படையாக' என்பதன் வரலாறு வேறு. 'வெளிப்படு' என்னும் வினை இடத்தைச் சார்ந்தது. உள்ளிருந்தது புறத்தே தோன்றுதலைக் குறிப்பது. தொல்காப்பிய உரியியல் 'வெளிப்படு சொல்' எனப் பொருள் விளங்கி நிற்கும் சொல்லைச் சுட்டுகிறது. 'பகிரங்கமாக' என்பதற்கு மூலமான வடசொல்லும் புற உறுப்பையே குறித்தது. பலர் அறிய என்னும் பொருள் பின்னர் வளர்ந்தது. எனவே இவ்வகைச் சொற்களில் உள், புறம் என்னும் எதிர்நிலையே அடிப்படை. குரலின் வலிமை அன்று. தாழ்ந்த குரலில் வெளிப்படையாகப் பேசலாம். உரக்கப் பேசியும் உண்மையை மறைக்கலாம்.

சொல் ஒப்புமையை நம்பிப் பெயர்ப்பதைவிட, மூலத்தொடர் ஒலியளவைச் சொல்கிறதா, உறுதியைச் சொல்கிறதா, மறைவின்மையைச் சொல்கிறதா என முதலில் தெளிதல் வேண்டும். இருமொழி அகராதிகள் இம்மூன்றையும் தனித்தனிப் பொருளாக எண்ணிட்டு, ஒவ்வொன்றுக்கும் எடுத்துக்காட்டுத் தொடர் தருமாயின் மொழிபெயர்ப்பாளர்க்குப் பெரிதும் பயன்படும்.