குளத்துக்கு யார் காசு கட்டுவது?

என் சித்தப்பா மார்க்கத்தில் ஒரு வரிசை வீட்டில் இருக்கிறார். வீடுகளுக்குப் பின்னால் ஒரு சின்னக் குளம். சென் ஜேம்ஸ் ரவுணில் பன்னிரண்டாம் மாடியில் வளர்ந்த எனக்கும் தங்கச்சிக்கும் அங்கே போனால் வாத்து பார்ப்பதுதான் முதல் வேலை.

சில வருடங்களுக்கு முன் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. குளத்தைத் திருத்த வேண்டும், சேமித்த பணம் போதாது, ஒவ்வொரு வீட்டுக்காரரும் மேலதிகமாகக் கட்ட வேண்டும் என்று வீட்டு உரிமையாளர் நிர்வாகம் எழுதியிருந்தது. இதற்கு விசேட அறவீடு என்று பெயர். தொகை அவருடைய ஒரு மாதச் சம்பளத்துக்குக் கிட்ட.

"அந்தக் குளத்திலை நான் ஒரு நாளும் கால்கூட நனைச்சதில்லை. நான் ஏன் கட்டவேணும்?" என்று சித்தப்பா கத்தினார்.

அம்மம்மா தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்னார்: "குளம் எண்டால் கட்டத்தான் வேணும் தம்பி. ஊரிலை நாங்கள் மண்வெட்டியோடை போனனாங்கள்."

அந்த ஒரு வசனம்தான் என்னைப் பழைய புத்தகங்களுக்குள் தள்ளியது.

முதலில், அது அழகுக்காக வெட்டிய குளம் இல்லை. கூரையிலும் தார் வீதியிலும் விழுகிற மழை நிலத்துக்குள் இறங்க முடியாது. அது ஒரேயடியாக ஓடி ஆற்றைப் பெருக்காமல் இருக்க, குளம் தண்ணீரைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல வெளியே விடும். தண்ணீரோடு வரும் மண்ணும் அழுக்கும் அடியில் படியும். வருடங்கள் போகப் போகக் குளம் ஆழம் குறையும். அப்போது தூர் வார வேண்டும்.

தூர் வாருவது தமிழருக்குப் புதிதில்லை. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உத்திரமேரூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டிய கல்வெட்டுகள் ஊர்ச்சபையின் விதிகளைச் சொல்கின்றன. ஏரியைப் பார்க்க ஏரி வாரியம் என்று ஒரு குழு, அதில் 6 பேர். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு எடுப்பார்கள். பதவி ஒரு வருடம் மட்டும்.

எனக்கு மிகவும் பிடித்த விதி வேறு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் விட்டவரின் பெயரைக் குடத்தில் போட முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரின் பெயரையும் போட முடியாது! ஆனால் இதை முழு மக்களாட்சி என்று நினைத்துவிடாதீர்கள். சொந்த நிலமும் வீடும் உள்ள, வேதம் படித்த ஆண்களுக்கு மட்டும்தான் அந்த வாய்ப்பு. ஏரியில் மண் சுமந்தவர்களுக்குக் குடத்தில் ஓலை இல்லை.

இனி அம்மம்மாவின் வன்னிக்கு வருவோம். அங்கே குளக்கட்டைத் திருத்துவதும் வாய்க்காலைத் துப்புரவாக்குவதும் வயல் வைத்திருந்தவர்களின் கடமை. வயல் கூட இருந்தால் பங்கும் கூட. மேற்பார்வைக்கு வட்டவிதானை இருந்தார்.

1832இல் பிரித்தானிய ஆட்சி இலங்கையில் இராசகாரியம் என்ற கட்டாய ஊழியத்தை நீக்கியது. மக்களுக்கு அது விடுதலைதான். ஆனால் குள வேலைக்கு ஆளைக் கூப்பிட இருந்த பலமும் அதோடு போனது. பல குளங்கள் கவனிப்பார் இல்லாமல் கிடந்தன. 1856இல் ஒரு நீர்ப்பாசனச் சட்டம் போட்டு, பழைய ஊர் வழக்கங்களுக்கு மீண்டும் உயிர் கொடுக்க வேண்டியிருந்தது. சென்னை மாகாணத்தில் 1858இல் குடிமராமத்துக்கு ஆட்களைக் கட்டாயப்படுத்தும் சட்டமே வந்தது.

ரொறொன்ரோவும் இந்தப் பாடத்தைப் படித்தது, பெரிய விலை கொடுத்து. 1954 ஒக்டோபர் 15 இரவு ஹேசல் சூறாவளியில் கனடாவில் 81 பேர் இறந்தார்கள். ஹம்பர் ஆற்றங்கரையில் ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் மட்டும் 35 பேர். அதன் பிறகுதான் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் வீடு கட்டுவதைத் தடுத்து, அந்த நிலங்களைப் பூங்காக்களாக வைத்தார்கள்.

அப்படியிருந்தும் 2024 யூலை 16இல் விழுந்த மழையில் டொன் வலி பார்க்வேயில் கார்கள் மூழ்கின. அதே வருடம் வசந்த காலத்தில்தான் மாநகரசபை ஒரு புதிய மழைநீர்க் கட்டணத்தைக் கொண்டுவர யோசித்து, "மழைக்கும் வரியா?" என்று எழுந்த சத்தத்தில் அதை ஒத்திவைத்திருந்தது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். இங்கே மழைநீர்க் குழாய்களுக்கான செலவு தண்ணீர்க் கட்டணத்துக்குள் ஒளிந்திருக்கிறது. தண்ணீர் கூடப் பாவித்தால் கூடக் கட்ட வேண்டும். பெரிய தார்த் தரிப்பிடம் வைத்திருப்பவர் தண்ணீர் பாவிக்காவிட்டால் அந்த நிலத்துக்கு ஒன்றும் கட்டத் தேவையில்லை. சென் ஜேம்ஸ் ரவுணிலோ ஒரு கூரையின் கீழ் நூற்றுக்கணக்கான குடும்பங்கள். எங்கள் பங்குக்கு வரும் கூரை ஒரு பாய் அளவு இருக்குமோ என்னவோ! மிசிசாகா 2016 முதல் தண்ணீர் இறங்காத தரையின் அளவைப் பார்த்துக் கட்டணம் எடுக்கிறது. வயல் கூட இருந்தால் பங்கும் கூட என்ற அம்மம்மாவின் ஊர் வழக்கமும் கிட்டத்தட்ட இதுதான்.

சித்தப்பா என்ன செய்தார்? கூட்டத்துக்குப் போனார். ஒன்ராறியோவின் கொண்டோச் சட்டப்படி ஒவ்வொரு நிர்வாகமும் பெரிய திருத்த வேலைகளுக்கு ஒதுக்கு நிதி வைத்திருக்க வேண்டும். கணக்குகளைப் பார்க்க உரிமையாளருக்கு உரிமை உண்டு. அவர் கேட்டார், காட்டினார்கள். யாரும் களவெடுக்கவில்லை. மாதக் கட்டணத்தைக் கூட்டினால் ஆட்கள் கோபிப்பார்கள் என்று பல வருடங்களாகக் குளத்துக்குப் போதியளவு சேமிக்கவில்லை, அவ்வளவுதான். கூட்ட வேண்டாம் என்று கைதூக்கியவர்களில் சித்தப்பாவும் ஒருவர்.

அவர் தவணை முறையில் கட்டி முடித்தார். அடுத்த வருடம் நிர்வாகத் தேர்தலிலும் நின்று வென்றார். இப்போது வீட்டில் அவருக்குப் பெயர் "ஏரி வாரியப் பெருமகன்". கூப்பிட்டால் சிரிக்கிறார், ஆனால் கணக்குக் கொப்பியைப் பத்திரமாக வைத்திருக்கிறார்.

அடுத்த முறை மழை பெய்யும்போது யன்னலால் பாருங்கள். உங்கள் கூரைத் தண்ணீர் எங்கே போகிறது? அந்த இடத்தை யார் துப்புரவாக வைத்திருக்கிறார்கள்? வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு மண்வெட்டிக் கதையாவது கிடைக்கும்.