பதிவாகாத வகுப்பின் 14 நாள்

பல்கலைக்கழகத்துக்குள் கணினி புகுந்த கதையை எழுதுவோர் யாரும் டேவிட் நோபிளைத் தாண்டிப் போக முடிவதில்லை. டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இவ்வரலாற்றாசிரியர் 1998 ஜனவரியில் வெளியிட்ட ‘டிஜிட்டல் டிப்ளமா மில்ஸ்’ என்ற கட்டுரை 2001இல் நூலாக விரிந்தது. அவர் எடுத்துக்கொண்ட இரு நிகழ்வுகளும் 1997இல் நடந்தவை. அவ்வாண்டு கலிஃபோர்னியாவின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகம், கலை அறிவியல் பாடங்கள் அனைத்துக்கும் இணையப்பக்கம் வேண்டும் என்று ஆணையிட்டது. அதே ஆண்டில் யார்க் ஆசிரியர்கள் இரண்டு மாத அளவுக்கு வேலைநிறுத்தம் செய்து, வகுப்பில் தொழில்நுட்பத்தைப் புகுத்துவதில் தங்கள் சொல்லே இறுதி என்ற உரிமையை ஒப்பந்தத்தில் பெற்றனர். இவற்றிலிருந்து நோபிள் எட்டிய முடிவு கடுமையானது. நிர்வாகமும் விற்பனையாளரும் கைகோத்துக் கணினியை வெளியிலிருந்து வகுப்புக்குள் தள்ளுகிறார்கள்; ஆசிரியரின் அறிவை அவரிடமிருந்து பிரித்து எடுத்துச் சரக்காக்குவதே அவர்கள் நோக்கம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நடத்திய அஞ்சல்வழிக் கல்வியே இதற்கு ஒத்திகை என்றும் அவர் காட்டினார்.

பாடக்குறிப்புக்கும் இணையப்பக்கத்துக்கும் இந்த வாதம் பொருந்தும். அவற்றை எழுதி முடித்தபின் எழுதியவர் தேவையில்லை. நேரலை வகுப்பு அப்படிப்பட்டதல்ல. ஆசிரியர் வந்து உட்கார்ந்தால்தான் அது நடக்கும். மணி முடிந்ததும் அதுவும் முடிந்துபோகும். நோபிளின் சான்றுகளில் பெரும்பகுதி முதல் வகையைச் சேர்ந்தது. அவருடைய முடிவோ இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுகிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

நேரலை வகுப்புக்கான மென்பொருள் பிறந்த இடத்தைப் பார்த்தாலும் அவர் கூற்று தளர்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் டிம் டார்சி 1992இல் மக்கின்டாஷ் கணினிக்காக எழுதிய ‘சியூ-சீமி’ என்ற காணொலி உரையாடல் நிரல் எந்த வணிகரும் கொண்டுவந்து இறக்கியதல்ல. சாம்பல் நிறத்தில் சிறு படம். முதலில் ஒலிகூட இல்லை. 1994இல்தான் ஒலி சேர்ந்தது. வரலாற்றை 1992இல் தொடங்குவதா, குரல் கேட்ட 1994இல் தொடங்குவதா என்பது விவாதத்துக்குரியது; வகுப்பு என்ற பொருளில் பார்த்தால் பிந்தைய ஆண்டையே நான் ஏற்பேன். பலரை இணைக்க ‘ரிஃப்ளெக்டர்’ என்ற சர்வர் நிரல் உதவியது. பெயருக்கேற்ப அது கண்ணாடி போன்றது: வந்ததை எல்லோருக்கும் அனுப்பும், தன்னிடம் எதையும் வைத்துக்கொள்ளாது.

நோபிளின் பக்கம் நின்று ஒருவர் மறுக்கலாம். 1995இல் ஒயிட் பைன் என்ற நிறுவனம் சியூ-சீமியை உரிமம் பெற்று வணிகப் பொருளாக்கியது. 2010இல் பிளாக்போர்டு நிறுவனம் எலூமினேட், விம்பா ஆகிய இரு நேரலை வகுப்பு நிறுவனங்களையும் சேர்த்து 11.6 கோடி டாலருக்கு வாங்கியது. இரண்டும் உண்மை. ஆனால் விற்கப்பட்டது என்பதாலேயே விற்பதற்காகப் பிறந்தது என்று ஆகிவிடாது.

இதற்கு என் வலுவான சான்று நோபிளின் கனடாவிலேயே இருக்கிறது. ஒட்டாவாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில், டோனி பைலெட்டியின் மேற்பார்வையில், ரிச்சர்ட் ஆலம் 2007இல் எழுதத் தொடங்கிய நேரலை வகுப்பு நிரலே பின்னாளில் ‘பிக்புளூபட்டன்’ ஆனது. பெரிய நீலப் பொத்தான் ஒன்றை அழுத்துவதுபோல் வகுப்பைத் தொடங்குவது எளிதாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் வந்த பெயர். 2009இல் ஆலம், டெனிஸ் ஸ்கோன்யானின், ஃப்ரெட் டிக்சன் ஆகியோர் மூலநிரலைப் பொதுவில் வைத்தனர். பிளைண்ட்சைட் நெட்வொர்க்ஸ் என்ற நிறுவனத்தையும் தொடங்கினர். பிறந்த ஆண்டு 2007ஆ 2009ஆ என்பதில் கருத்து வேறுபடலாம். எதைக் கொண்டாலும் பிறந்த இடம் பல்கலைக்கழகம்தான்.

பிக்புளூபட்டனின் 0.80 பதிப்பில் வகுப்பைப் பதிவு செய்யும் வசதி வந்தது. கண்ணாடியாக இருந்தது பெட்டகமாகத் தொடங்கியது இங்கேதான். வகுப்பைத் தொடங்கும் கட்டளையில் இதற்கென மூன்று சொற்கள் உண்டு. பதிவுக்கு இடம் உண்டா என்பது ‘ரெக்கார்ட்’. பதிவு தானாகத் தொடங்க வேண்டுமா என்பது ‘ஆட்டோ ஸ்டார்ட் ரெக்கார்டிங்’. எதுவும் சொல்லாவிட்டால் இதற்கு விடை ‘இல்லை’. நடத்துபவர் தொடங்கி நிறுத்தலாமா என்பது ‘அலவ் ஸ்டார்ட் ஸ்டாப் ரெக்கார்டிங்’. சொல்லாவிட்டால் விடை ‘ஆம்’. இந்த ‘இல்லை’யையும் ‘ஆம்’ஐயும் சேர்த்துப் படித்தால், பொத்தான் ஆசிரியர் கையில், அவர் அழுத்தாமல் எதுவும் நிலைக்காது என்று பொருள் கொள்ளத் தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் படித்தேன். யார்க் ஆசிரியர்கள் போராடிப் பெற்ற உரிமை நிரலில் எழுதப்பட்டுவிட்டது என்றே எண்ணினேன்.

அந்த வாசிப்பைக் கலைத்தது வேறொரு கோப்பு. சர்வரில் நாள்தோறும் ஓடும் துப்புரவு நிரலில் ஒரு வரி: ‘அன்ரெக்கார்டட் டேஸ் = 14’. பதிவாகாத நாள்கள் 14 என்று படிக்கலாம். பதிவாகாத ஒன்றுக்கு நாள் கணக்கு எதற்கு? விடை மென்பொருளின் நடைமுறையில் இருக்கிறது. பதிவுக்கு இடமுள்ள வகுப்பில், பொத்தானை அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும், ஒலியும் ஒளியும் தொடக்கம் முதல் முடிவு வரை சர்வரில் பிடித்து வைக்கப்படுகின்றன. பொத்தான் செய்வது அடையாளம் இடுவது மட்டுமே. வகுப்பு முடிந்தபின் அடையாளமிட்ட பகுதிகளை மென்பொருளே வெட்டியெடுத்து வெளியிடுகிறது. அடையாளமே இல்லாவிட்டால் வெளியீடு இல்லை; ஆனால் மூலத்தரவு அங்கேயே கிடக்கிறது. 14 நாள் கழித்தே அது அழிகிறது. ஆக, ‘அன்ரெக்கார்டட்’ என்ற சொல்லுக்கு இங்கே ‘பிடிக்கப்படாதது’ என்று பொருளில்லை. ‘அடையாளமிடப்படாதது’ என்றுதான் பொருள். ஒரே சொல் வகுப்பறையில் ஒன்றைச் சொல்கிறது, சர்வரில் வேறொன்றைச் சொல்கிறது.

இதில் சூழ்ச்சி எதையும் நான் காணவில்லை. நடுவில் அழுத்தி நிறுத்தி மீண்டும் அழுத்தும் வகுப்பை ஒரே ஓட்டமாகப் பிடித்துப் பிறகு வெட்டுவது பொறியியலில் எளிய வழி. எழுதியவர்களின் மனத்தை இவ்வொரு வரியைக் கொண்டு உறுதியாகச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் அழிக்கும் நாளை நிரலிலேயே குறித்துவைத்தவர்களைச் சரக்குச் சேர்ப்பவர்கள் என்று அழைப்பது நியாயமாகாது. பின்னர் 2.6 வரிசையில் நான்காவது சொல் ஒன்றும் வந்தது: ‘ரெக்கார்ட் ஃபுல் டியூரேஷன் மீடியா’. இதற்கு ‘இல்லை’ என்று விடை கொடுத்தால், பதிவு ஓடும்போது மட்டுமே ஒலியும் ஒளியும் பிடிக்கப்படும். இச்சொல் தேவைப்பட்டது என்பதே அதுவரை நடந்தது வேறு என்பதற்குச் சான்று. ஆனால் எதுவும் சொல்லாவிட்டால் இதன் விடை ‘ஆம்’. பழைய நடைமுறையே இயல்பாகத் தொடர்கிறது.

எனவே நோபிளைப் பாதி மறுக்கிறேன், பாதி ஏற்கிறேன். நேரலை வகுப்பின் தோற்றத்தைப் பற்றிய அவர் வாதம் நிற்காது. ஆசிரியரின் சொல் அவரறியாமல் அவரிடமிருந்து பிரியும் என்ற அவர் அச்சமோ, அவர் ஐயுறாத இடத்தில், பல்கலைக்கழகமே பெற்றெடுத்த கருவிக்குள், மெய்யாகியிருக்கிறது. நோபிள் 2010 டிசம்பரில் காலமானார், 0.80 பதிப்பு அதன் பிறகே வெளியானது.

பிக்புளூபட்டனில் வகுப்பெடுக்கும் ஆசிரியர்கள் தங்கள் சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: அந்த நான்காவது சொல்லுக்கு இங்கே விடை ‘ஆம்’ஆ, ‘இல்லை’யா? துப்புரவுக் கோப்பில் உள்ள எண் இன்னும் 14தானா?