தாய்க்கு மருந்து

சென்ற வருஷம் நான் எழுதிய தொடர்கதை ஒன்றில் ஒரு பெண் வந்தாள். வலிக்காகச் சாப்பிட ஆரம்பித்த மருந்து பழக்கமாகி, கடைசியில் கைக்குழந்தையையும் இழந்து அழிந்து போகிறாள். கதை முடிந்ததும் பாராட்டுக் கடிதங்கள் வந்தன. "தாய்க்குலத்துக்கே களங்கமான அவளுக்குத் தக்க முடிவு கொடுத்தீர்கள்" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். எனக்கும் உள்ளூரப் பெருமைதான். ஆனால் பிரசவ வார்டில் பல வருஷம் வேலை பார்த்த ஒரு நர்ஸ் அம்மாளிடமிருந்து வந்த கடிதம் வேறு மாதிரி இருந்தது. இரண்டே வரிகள். "அந்தப் பெண்ணுக்குத் தண்டனை கொடுத்துவிட்டீர்கள். மருந்து ஏன் கொடுக்கவில்லை?"

பதில் எழுத உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. நான் வைத்தியம் படித்தவன் அல்ல, கதை எழுதுகிறவன். ஆகவே விடை தேடிப் புத்தகங்களைப் புரட்டினேன். அந்த வழியில் முதலில் எதிர்ப்பட்டவரும் ஓர் எழுத்தாளராகவே இருந்தார். அமெரிக்க நாடகாசிரியர் யூஜீன் ஓநீல்தான் அவர்.

1888-ம் வருஷம் அக்டோபர் 16-ம் தேதி நியூயார்க்கில் ஒரு ஹோட்டல் அறையில் அவர் பிறந்தார். தகப்பனார் ஜேம்ஸ் ஓநீல் பேர் பெற்ற நடிகர். மாண்டி கிறிஸ்டோ பிரபுவாக வேஷம் கட்டி ஊர் ஊராகச் சென்றவர். தாயார் மேரி எல்லன் வசதியான குடும்பத்தில் பிறந்து, கன்னிமாடத்துப் பள்ளியில் படித்து, பியானோ வாசிக்கக் கற்றவள். மூன்று வருஷங்களுக்கு முன்பு எட்மண்ட் என்ற தன் இரண்டாவது பிள்ளையைத் தட்டம்மைக்குப் பறிகொடுத்தவள். அந்தத் துக்கம் ஆறுவதற்குள் இந்தப் பிரசவம். கஷ்டமான பிரசவம். வலிக்கு டாக்டர் மார்பியா கொடுத்தார். வலி போய்விட்டது, மார்பியா மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. இருபத்தைந்து வருஷங்கள் கூடவே இருந்தது.

அந்த டாக்டரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. காலமே அப்படி இருந்தது. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் சாதுவாகக் கிடக்கும் கசகசா இருக்கிறதே, அந்தச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடிகிற பால்தான் அபின். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் செர்ட்டூர்னர் என்ற இளைஞர் அதன் சத்தைப் பிரித்தெடுத்து, கனவுகளுக்கு அதிபதியான கிரேக்க தேவன் மார்பியஸின் பெயரை அதற்குச் சூட்டினார். 1850-களில் ஊசி வந்தது. அதன் பிறகு கேட்பானேன்? மாதவிடாய் வலி, பிரசவ வலி, தூக்கமின்மை, மனச்சோர்வு, எல்லாவற்றுக்கும் அதுவே மருந்து. அந்த நூற்றாண்டு அமெரிக்காவில் இந்தப் பழக்கத்தில் விழுந்தவர்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். டாக்டர் சீட்டை நம்பிய குடும்பப் பெண்கள் அவர்கள். 1898-ல் பேயர் கம்பெனி ஹெராயினை இருமல் மருந்தாகவே கடைக்குக் கொண்டுவந்தது என்றால் வேறு என்ன சொல்ல?

ஓநீல் குடும்பத்தில் இது மூடி வைத்த ரகசியம். 1903-ம் வருஷக் கோடையில், மருந்து தீர்ந்து போன ஓர் இரவில், மேரி எல்லன் வீட்டருகே ஓடிய ஆற்றில் விழுந்து சாகப் போனாள். பதினைந்து வயது நிறையாத யூஜீனுக்கு அப்போதுதான் உண்மை தெரிந்தது. தான் பிறந்ததால் அல்லவா தாய் இப்படி ஆனாள்! அந்த எண்ணம் அவரைக் கடைசி வரையில் விடவில்லை. 1941-ல் 'லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்' என்ற நாடகத்தில் அதையெல்லாம் கொட்டிவிட்டு, தாம் இறந்து 25 வருஷங்கள் வரை வெளியிடக் கூடாது என்று முத்திரை வைத்தார். அவர் 1953-ல் இறந்தார்; மனைவி 1956-லேயே அதை வெளியிட்டுவிட்டாள். அதில் ஒரு விஷயம் என்னை உலுக்கிவிட்டது. நாடகத்தில் குழந்தையாகவே இறந்துபோனவனுக்கு யூஜீன் என்று தம் பெயரையே வைத்திருக்கிறார். உயிரோடு இருக்கும் மகனுக்கு, இறந்துபோன அண்ணனின் பெயர். ஒரு பிள்ளை தன்னை எவ்வளவு நொந்துகொண்டிருந்தால் இப்படிப் பெயரை மாற்றிப் போட்டிருப்பான்!

இனி நர்ஸ் அம்மாளின் கேள்விக்கு வருகிறேன்.

1914-ல் அமெரிக்காவில் ஹாரிஸன் சட்டம் வந்தது. அபின் வகைகள் கண்டபடி விற்கப்படுவதைத் தடுக்க வந்த சட்டம். தடுக்கவும் செய்தது. ஆனால் 1919-ல் அங்குள்ள உச்ச நீதிமன்றம், பழக்கத்துக்கு ஆளானவர்களுக்கு அந்தப் பழக்கத்துக்காகவே டாக்டர் மருந்து எழுதிக் கொடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. நேற்று வரை நோயாளியாக இருந்தவள் மறுநாள் குற்றவாளியாகிவிட்டாள். மருந்துக் கடையில் வாங்கியதை இருட்டுச் சந்தில் வாங்க வேண்டியதாயிற்று.

கதவு மீண்டும் திறக்க ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆயிற்று. 1964-ல் நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரண்டு டாக்டர்கள் மெதடோன் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஊசி வேண்டாம், வாயால் குடிப்பது. ஒரு வேளை மருந்து ஒரு நாள் முழுவதும் நிற்கும். பித்துப் பிடித்தாற்போல் அலைந்தவர்கள் நிதானப்பட்டு வேலைக்குப் போனார்கள்.

'ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா?' என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். கர்ப்பிணியின் விஷயத்தில் இதற்குத் தெளிவான பதில் இருக்கிறது. ஹெராயினின் வேகம் சில மணி நேரத்தில் இறங்கிவிடும், உடம்பு தவிக்கும், மறுபடி ஏற்ற வேண்டும். தாயின் இந்த ஏற்ற இறக்கமெல்லாம் வயிற்றுக் குழந்தைக்கும் உண்டு. சட்டென்று நிறுத்தினாலோ பெரும்பாலோர் மறுபடி அதிலேயே போய் விழுகிறார்கள். அப்போதுதான் உயிருக்கே ஆபத்து. ஒரே அளவில் நிற்கும் மருந்து தாயையும் சேயையும் சேர்த்துத் தாங்குகிறது. பின்னால் புப்ரினார்பின் என்ற இன்னொரு மருந்தும் வந்தது. 2010-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், மெதடோன் எடுத்த தாய்மாரின் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் 17½ நாள் இருக்க, இதை எடுத்தவர்களின் குழந்தைகளுக்கு 10 நாள் போதுமாக இருந்தது.

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இருப்பானேன்? பிறந்ததும் தொப்புள்கொடியோடு மருந்தும் அறுபட்டுவிடுகிறதல்லவா? வீறிட்டு அழும், கைகால் நடுங்கும், பால் குடிக்கத் தெரியாமல் தவிக்கும். பிலடெல்பியாவில் லொரெட்டா பின்னகன் என்ற குழந்தை மருத்துவர் இந்தக் குறிகளையெல்லாம் கவனித்து, மதிப்பெண் போடும் ஒரு முறையை 1975-ல் வகுத்தார். அதுவரை குத்துமதிப்பாக நடந்த வைத்தியத்துக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. அடுத்த மாறுதல் இன்னும் எளிமையானது. குழந்தை பால் குடிக்கிறதா, தூங்குகிறதா, எடுத்து வைத்துக்கொண்டால் அழுகை அடங்குகிறதா என்று மட்டும் பார்; முதலில் தாயின் மடியில் போடு; அதற்கும் அடங்காவிட்டால் மருந்து கொடு. 26 அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் இதைச் சோதித்து 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 15 நாள் ஆனது 8 நாளாகக் குறைந்தது. என் கதையில் நான் எந்தத் தாயிடமிருந்து குழந்தையைப் பறித்தேனோ, அந்தத் தாயின் மடியே முதல் மருந்து!

ஊசியோடு வந்த இன்னொரு சனியன் ஹெபடைடிஸ் ஸி. ரத்தத்தின் வழியே பரவிக் கல்லீரலை மெல்ல மெல்ல அரிக்கும் கிருமி. ஒருவர் குத்திக்கொண்ட ஊசியை இன்னொருவர் குத்திக்கொண்டால் போதும். பல வருஷங்கள் அது இருப்பதே தெரியாது. 1989-ல்தான் அதை அடையாளம் கண்டார்கள். அந்தப் பணிக்காக மூன்று விஞ்ஞானிகளுக்கு 2020-ல் நோபல் பரிசு கிடைத்தது. தடுப்பூசி இன்னும் இல்லை. ஆனால் 2013-க்குப் பிறகு வந்த மாத்திரைகளை எட்டு அல்லது பன்னிரண்டு வாரம் சாப்பிட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணமாகிவிடுகிறது. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவது நூற்றுக்கு ஐந்தாறு பேருக்குத்தான். தாய்ப்பாலும் கொடுக்கலாம், காம்பு வெடித்து ரத்தம் கசிந்தால் மட்டும் ஆறும்வரை நிறுத்த வேண்டும். வயிற்றுக் குழந்தைக்கு என்ன ஆகுமோ என்ற தயக்கத்தால், மாத்திரையைப் பிரசவத்துக்குப் பின் தொடங்குவதே பெரும்பாலும் வழக்கமாக இருந்து வந்திருக்கிறது.

இங்கேதான் இடறுகிறது. பிரசவம் வரையில் எல்லோரும் தாயைக் கவனிக்கிறார்கள். பிள்ளை பிறந்ததும் எல்லோர் கண்ணும் தொட்டிலுக்குப் போய்விடுகிறது. தாய் ஆஸ்பத்திரிப் பக்கம் வருவது நின்று போகிறது. கல்லீரல் மாத்திரை ஆரம்பிக்கப்படாமலே போகிறது. மெதடோனும் நின்று போகிறது. மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் ஆராய்ந்து 2018-ல் எழுதினார்கள்: அளவு மீறி மருந்து எடுத்து உயிருக்கு ஆபத்தாவது கர்ப்பத்தின் கடைசி மாதங்களில்தான் மிகக் குறைவு, பிள்ளை பிறந்து ஏழாவது மாதத்திலிருந்து பன்னிரண்டாவது மாதம் வரையில்தான் மிக அதிகம். குழந்தை தவழ ஆரம்பிக்கும் நேரத்தில் தாய் விழுகிறாள்.

தண்டனையையும் செய்து பார்த்திருக்கிறார்கள். டென்னஸி மாநிலத்தில் 2014-ல், இப்படிப்பட்ட கர்ப்பிணிகள் மேல் வழக்குத் தொடரச் சட்டம் போட்டார்கள். சிறைக்குப் பயந்த பெண்கள் டாக்டரிடம் வரவே அஞ்சினார்கள். 2016-ல் அந்தச் சட்டம் புதுப்பிக்கப்படாமல் காலாவதியாயிற்று.

மேரி எல்லன் என்ன ஆனாள் என்று சொல்லவில்லையே? ஓநீலின் நாடகம் 1912-ம் வருஷத்து ஒரு நாளில் நடக்கிறது. கடைசிக் காட்சியில் தாய் மார்பியா மயக்கத்தில் தன்னை மறந்து நிற்கத் திரை விழுகிறது. நிஜத்தில் இரண்டே வருஷம் கழித்து, 1914-ல், ஒரு கன்னிமாடத்தின் துணையோடு அவள் அந்தப் பழக்கத்திலிருந்து மீண்டாள். 1922-ல் இறக்கும் வரையில் நல்லபடியாகவே வாழ்ந்தாள். மகன் அதை அறிவார். ஆனாலும் நாடகத்தில் அவளை அந்த மயக்கத்திலேயே நிறுத்திவிட்டார். எழுதுகிறவர்களுக்கு வீழ்ச்சி என்றால் ஒரு சபலம். மீட்சி என்றால் கை சோர்ந்துவிடுகிறது. மகா கலைஞருக்கே அப்படியென்றால் நான் எம்மாத்திரம்?

அந்த நர்ஸ் அம்மாளுக்கு நேற்றுத்தான் பதில் எழுதினேன். கதை புத்தகமாக வரும்போது கடைசி அத்தியாயத்தை மாற்றி எழுதப்போகிறேன் என்றும், பிரசவ வார்டைப் பற்றி எனக்குத் தெரியாததையெல்லாம் அவர்தான் சொல்லித்தர வேண்டும் என்றும்.